பெரிய வெள்ளிக்கிழமை ஓடின பஸ்

சென்-பிர்மன், கியூபெக்
செப்டம்பர் 10, 2023
ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு

ரெமி கண்ணா,

சேசுவும் மாதாவும் உன்னைக் கைவிடாம இருக்கட்டும். நான் நல்லாருக்கேன், முழங்கால் மட்டும் மண்டி போட விடமாட்டேங்குது. போன் பண்ணா நீ "சரி அத்தை, சரி அத்தை"ன்னு அரை நிமிசத்துல வெச்சிடுற. காகிதம்னா முழுசாப் படிச்சாகணுமில்ல? அதான் எழுதுறேன்.

வெள்ளிக்கிழமை கரண்டு பஸ் குடுக்குற விழாவுக்கு மழை வரும்னு ரேடியோவுல சொன்னான். வியாழக்கிழமை சாயங்காலமே துணி காயப்போடுற கொடியில ஜெபமாலையத் தொங்க விட்டுட்டேன். ஒரு பொட்டு விழல பாத்தியா! உங்க அமைச்சருங்க என்னமோ வெயிலையும் அவங்கதான் ஒட்டாவாலேர்ந்து கொண்டுவந்த மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. ஒட்டாவாக்காரர் ஒருத்தர், கியூபெக்காரர் ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினதை நீ பாத்திருக்கணும். அப்புறம் அந்த அட்டைச் செக்! கட்டில் நீளம் இருந்துச்சு. எந்த பேங்குல அதை உள்ள விடுவாங்கன்னு எங்க பஸ் முதலாளி ஜெரார் என் காதுல கேட்டாரு.

ஆனா பொய் சொல்லக்கூடாது. "இது நம்ம ஆளுங்க, நம்ம மண்ணுல, நம்ம கையால செஞ்ச பஸ்; இனிமே நம்ம புள்ளைங்க புகையில்லாம பள்ளிக்கூடம் போகும்"னு அந்தக் கியூபெக் அமைச்சர் சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இருவத்திரெண்டு வருசம் டீசல் பஸ் ஓட்டினவடா நான். என் கோட்டைத் துவைச்சா தண்ணி கருப்பா ஓடும். முதல் சுத்துல ஒம்போது ஊருக்குத்தான் குடுத்தாங்க. அதுல நம்ம ஊரும் இருக்குன்னா என் அண்ணன் மகன் நீ அந்த பஸ் தொழிற்சாலைல சர்க்கார் பைலை எல்லாம் பாக்குறவன், அதனாலதான். கோயில் வாசல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கர்வம் பாவம்தான், அதையும் பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிட்டேன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஹீட்டர் ஓடுதான்னு போட்டுப் பாத்தேன். வண்டிக்கு அடியிலேர்ந்து குபுகுபுன்னு புகை. உங்க கம்பெனிக்காரன் ஒருத்தன் ஓடி வந்து, "மேடம் அணைங்க அணைங்க, படத்துல விழும்!"னு கத்துறான். கரண்டு பஸ்ஸுல டீசல் எதுக்குடா?

ஒழுங்காச் சாப்பிடு.

✝ உன் அத்தை
கிலேன் பெல்சீல்


செப்டம்பர் 20, 2023

அன்புள்ள அத்தைக்கு,

படம் எல்லாப் பேப்பர்லயும் வந்திருக்கு. நீங்கதான் அமைச்சர்களை விட நல்லா விழுந்திருக்கீங்க.

ஹீட்டர் விசயம் சாதாரணம்தான். நம்ம குளுருக்குப் பேட்டரிலயே உள்ளயும் சூடு பண்ணா வண்டி ரொம்பத் தூரம் போகாது. அதனால சூட்டுக்கு மட்டும் சின்னதா ஒரு டீசல் அடுப்பு. எல்லா ஊர்லயும் அப்படித்தான். இதை ஊர்ல பெருசாப் பேச வேண்டாமே.

முக்கியமானது உங்க பதிவுப் புத்தகம். தினமும் வண்டியைச் சுத்திப் பாத்துட்டு நீங்க எழுதுறீங்கல்ல, எத்தனை கிலோமீட்டர், எத்தனை புள்ளைங்கன்னு, அதோட நகலை எங்க கம்பெனி வாங்கி அனுப்பும், அதைத்தான் சர்க்கார் பாக்கும். ஒம்போது பஸ்ஸும் இந்தக் குளிர்காலம் ஒழுங்கா ஓடுச்சுன்னா அடுத்து முந்நூறு பஸ்ஸுக்குப் பண உதவி உண்டு. எங்க இருநூறு பேரோட வேலையும் அதுலதான் இருக்கு. உங்களுக்காக ஜெபிக்கிறேன்னு சொன்னா நம்பமாட்டீங்க, அதனால நீங்க எனக்காக ஜெபிங்க.

ரெமி


சென்-பிர்மன்
ஜனவரி 21, 2024

ரெமி,

சேசு மரி சூசை! கோவத்தோட பேனாவைத் தொடக்கூடாதுன்னு நாலு நாள் பொறுத்தேன். இதுக்கு மேல முடியல.

புதன்கிழமை காலைல பூஜ்யத்துக்குக் கீழ முப்பத்தொண்ணு. பதினோரு புள்ளைங்களோட ரெண்டாம் ரோட்டுல போறேன். கிளம்புறப்ப சார்ஜ் எண்பது காட்டுச்சு. பால்பண்ணை லியோனெல் இருக்காரில்ல, அவரு வேலி கண்ணுல படறதுக்குள்ள முப்பது. அப்புறம் ஒம்போது. அப்புறம் திரை மொத்தமும் இருட்டு, பள்ளத்துல நின்னுபோச்சு. உன் டீசல் அடுப்பும் சேந்து செத்துச்சு. அதோட பம்பு ஓடணும்னாலும் கரண்டு வேணுமாமே! அந்தப் பள்ளத்துல போனும் எடுக்காது. முன்கதவு திறக்கல. பின்னாடி அவசரக் கதவை இந்த முழங்காலோட உதைச்சுத் திறந்தேன்.

புள்ளைங்க எல்லாரையும் ஒருத்தர் கழுத்துத் துணியை இன்னொருத்தர் பிடிச்சுக்கச் சொல்லி, வரிசையா, அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கிட்டே லியோனெல் மாட்டுக் கொட்டாய்க்கு நடத்திக் கூட்டிட்டுப் போனேன். கதவைத் திறந்தவரு முதல்ல கேட்டது என்ன தெரியுமா?

"கிலேன், உன் புகையில்லாத பஸ் எங்க?"

"ரோட்டுல செத்துக் கிடக்கு."

"என் பசுங்களைப் பாரு, ஒண்ணுக்குக்கூட சார்ஜ் போடறதில்ல. சூடு குடுக்குதா இல்லையா?"

புள்ளைங்க சிரிச்சிச்சுங்க. நானும் சிரிச்சேன். அப்பதான் ஒஃபெலி, ஆறு வயசுப் பொண்ணு, ஓரமா நிக்கறதைப் பாத்தேன். பயத்துல பஸ்லயே ஒண்ணுக்கு இருந்துட்டா. வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. அந்தக் கால்சட்டை நடக்கறதுக்குள்ள பலகை மாதிரி உறைஞ்சு போச்சுடா. ஒரு கையுறையும் விழுந்துருச்சு. ரெண்டு விரல் மெழுகுவத்தி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. அவ கையை என் ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டு சாணியில உக்காந்திருந்தேன். விரல் தப்பிச்சிருச்சு, நகம் உதிரும்னு டாக்டர் சொல்றாரு. அவ அம்மா என் மூஞ்சிக்கு நேரா, "நீங்க ஜெபம் பண்ணிக்கிட்டே ஓட்டுங்க, என் புள்ளைய நானே கூட்டிட்டுப் போறேன்"னுட்டா. சரியாத்தானே சொன்னா.

டிசம்பர்லேர்ந்து இது நாலாவது தடவை. உங்க கம்பெனி போன்ல ஒரு பொண்ணு தேன் ஒழுகப் பேசுறா, "கணினியில சில மாத்தம் பண்ணிட்டிருக்கோம் மேடம்"னு. குளுருக்குக் கணினியில என்னடி மாத்தம்? த்தூ! நாலு தடவையும் நடந்ததை நடந்தபடி புத்தகத்துல எழுதியிருக்கேன். இப்ப நான் ஓட்டுறது பழைய டீசல் பஸ்தான். புதுசு ஜெரார் கொட்டாயில ரிப்பனோட நிக்குது.

✝ அத்தை
கிலேன் பெல்சீல்


பிப்ரவரி 2, 2024

அன்புள்ள அத்தைக்கு,

அந்தக் குழந்தைக்கு ஒரு பெரிய கரடிப் பொம்மை அனுப்பியிருக்கேன். ராத்திரி தூக்கமே வரல, நம்புங்க.

என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. பேட்டரிப் பெட்டிக்குக் குளுரு தாங்குற போர்வை போதாது. போட்டா சரியாயிடும். ஆனா அதுக்குக் காசு வேணும், காசுக்கு அடுத்த உதவி வரணும், உதவி வரணும்னா இந்தக் குளிர்காலப் புத்தகம் நல்லா இருக்கணும். ஜனவரி பதினேழுக்கு அப்புறம் முச்சூடும் "டீசல், டீசல்"னு எழுதியிருக்கீங்க. அதைப் பாத்தா ஒரு அதிகாரியும் ஒத்துக்கமாட்டான். வெத்துப் பக்கங்கள் இதோட வெச்சிருக்கேன். புதுபஸ் ஓடின மாதிரி மறுபடி எழுதித் தர முடியுமா? யாருக்கும் கெடுதல் இல்ல அத்தை. நல்லதுக்குத்தான்.

ரெமி


சென்-பிர்மன்
பிப்ரவரி 11, 2024

ரெமி,

உன் வெத்துப் பக்கங்களைத் திருப்பி அனுப்பியிருக்கேன். வீட்டுல வெச்சிருக்கவே அருவருப்பா இருந்துச்சு.

நீயே சொல்ற, போர்வை போட்டா சரியாயிடும்னு. அப்ப அதைச் சொல்லித்தான் கேளேன்! "ஐயா, எங்க வண்டி குளுருல நிக்குது, இதை மாத்தணும், உதவி பண்ணுங்க"ன்னு கேட்டா சர்க்கார் என்ன கடிச்சா தின்னுடும்? உதவின்னா எதுக்குடா? நல்லா ஓடுறவனுக்கா உதவி? நல்லா ஓடுதுன்னு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் எவன் போர்வை போடுவான்? முந்நூறு பஸ்ஸும் இப்படியே பிறக்கும்.

நான் எங்கயும் போய்ச் சொல்லமாட்டேன், பயப்படாத. ஆனா என் புத்தகம் இருக்கற மாதிரியே இருக்கும். வர்ற புதன் சாம்பல் புதன், மனம் திரும்புற நாள். கோயிலுக்குப் போய் நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காரு. உனக்கு அது இப்ப தேவை.

பொம்மை வந்துச்சு. ஒஃபெலி அதைத் தொடமாட்டேன்னுட்டா.

✝ அத்தை
கிலேன் பெல்சீல்


மார்ச் 22, 2024

அன்புள்ள அத்தைக்கு,

போன மாசம் நான் கேட்டதை மறந்துடுங்க. எல்லாம் சரியாயிடுச்சு. உங்களைச் சங்கடப்படுத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க.

ஈஸ்டருக்கு வர்றேன். எங்க தொழிற்சாலைல பெரிய வெள்ளிக்கிழமை வேலை உண்டு, அதுக்குப் பதிலா ஈஸ்டர் திங்கள்தான் லீவு. நீங்க திட்டுவீங்கன்னு தெரியும். சனிக்கிழமை வந்து திங்கள் வரைக்கும் இருக்கேன். பன்னித்தொடையை மேப்பிள் பாகுல வேக வெச்சு வையுங்க. சாக்லேட் முயல் நான் வாங்கிட்டு வர்றேன்.

உங்க ரெமி


சென்-பிர்மன்
ஜூன் 16, 2024

ரெமி,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. வழக்கமா எழுதுற ஆசீர்வாதம்கூட கையில வரமாட்டேங்குது.

வியாழக்கிழமை கோயில் கூடத்துல எனக்குப் பாராட்டுவிழா வெச்சாங்க. உனக்கு அது தெரியாம இருக்காது. சர்க்காருலேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு வந்திருந்தா. பேரு அரியான். நல்ல பொண்ணு, என் கையைப் பிடிச்சிக்கிட்டு, "உங்க மாதிரி ஓட்டுநர்களாலதான் இந்தத் திட்டம் ஜெயிச்சுது. ஒரு நாள்கூட நிக்காம ஓட்டியிருக்கீங்க"ங்கறா. நான் வேற யாரையோ சொல்றான்னு திரும்பிப் பாத்தேன். கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒண்ணு, ஒரு கோப்பு. கோப்புக்குள்ள என் பதிவுப் புத்தகத்தோட நகல்.

என் புத்தகமா அது? ஜனவரி 17: ஓடியது, அறுபத்திநாலு கிலோமீட்டர், பதினோரு புள்ளைங்க, கோளாறு இல்லை. கோளாறு இல்லை! ஒஃபெலியோட நகம் உதிர்ந்த விரலைக் கொண்டுவந்து அந்த வரிமேல வெச்சுப் பாருடா.

அப்புறம் புரட்டுறேன். மார்ச் 29, பெரிய வெள்ளிக்கிழமை. ஓடியது. பதினோரு புள்ளைங்க. சேசு சிலுவையில தொங்குற நாளுல நான் யாரை ஏத்திக்கிட்டு எங்கடா போனேன்? பள்ளிக்கூடமே கிடையாது! அடுத்த திங்கள் மட்டும் காலியா இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு நாளும் லீவு. வெள்ளி வேலை, திங்கள் லீவுன்னு இருக்கறது யாருக்கு? நீயே உன் கையால எழுதி அனுப்பியிருந்த.

அப்பவும் மனசு ஒத்துக்கல. வேற எவனாவது செஞ்சிருப்பான்னு நினைச்சேன். ஆனா கையெழுத்து இருக்கே, பக்கத்துக்குப் பக்கம் சிலுவையோட என் முழுப்பேரு. பதிவுப் புத்தகத்துல நான் பேரோட முதல் ரெண்டு எழுத்துதான் போடுவேன், ஜெராரைக் கேளு. மேல குட்டிச் சிலுவை போட்டு முழுப்பேரை எழுதுறது வீட்டுக் காகிதத்துல மட்டும்தான். இப்ப எனக்குக் காகிதம் போடறதுக்கு உன்னை விட்டா யாருமில்ல. நான் உன் நல்லதுக்குன்னு ராத்திரி உக்காந்து எழுதின காகிதத்தை ஜன்னல் கண்ணாடியில வெச்சு மேல இன்னொரு தாளை வெச்சு வரைஞ்சியா? சிலுவையையும் சேத்து வரைஞ்சியே, கை கூசலையா?

இதுக்கப்புறம் ஈஸ்டருக்கு வந்து என் மேசையில உக்காந்து ரெண்டு தடவை கறி கேட்டு வாங்கித் தின்ன.

இன்னும் கேளு. எல்லாரும் கை தட்டினாங்க. சாமியாரும் தட்டினாரு. நான் அப்படியே மரம் மாதிரி நின்னுட்டு, "நன்றி"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். உன்னைப் பாத்துக் குமட்டுற அளவுக்கு என்னைப் பாத்தும் எனக்குக் குமட்டுது. வீட்டுக்கு வந்து கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன், மூணு தடவை.

நீயே போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. நீயாப் போய்ச் சொன்னா அது வேற.

✝ கிலேன் பெல்சீல்


ஜூன் 25, 2024

அத்தை,

நான் மறுக்கல. ஆனா மொத்தக் கதையும் கேளுங்க.

மார்ச்சுல உங்களுக்கு எழுதினேனே, அந்த வாரம் மேல இருந்து, "வெள்ளிக்குள்ள ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும் புத்தகம் எல்லாம் ஒழுங்கா இருக்கணும்"னு சொன்னாங்க. எப்படின்னு யாரும் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல. எங்க இருநூறு குடும்பம் இருக்கு. வெளிநாட்டுக்காரன் பாதி விலைக்கு பஸ் விக்கறான். இந்த உதவி நின்னா அக்டோபர்ல கதவைப் பூட்டுவாங்க. அப்ப நம்ம ஊர்ல, நம்ம கையால ஒரு ஆணிகூட செய்யமாட்டாங்க. இதானா நீங்க கேட்டது?

எல்லாத் தொழில்லயும் முதல் வருசம் இப்படித்தான் நடக்கும். உங்க ஒரு புத்தகத்துல நாலஞ்சு நாள் கூடக் குறைய. அவ்வளவுதான். போர்வை அடுத்த வருசம் கண்டிப்பா போடுவாங்க, நான் பொறுப்பு.

நீங்க வாயைத் திறந்தா முதல்ல உள்ள போறது நான்தான். மேல இருக்கறவங்க இல்ல. அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு யோசிங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

ரெமி


சென்-பிர்மன்
ஆகஸ்ட் 4, 2024

ரெமி,

உன் காகிதம் வந்து அஞ்சு வாரமாச்சு. அன்னிக்கு ராத்திரி உங்கப்பாவைக் கேட்டேன், படத்துக்கு முன்னாடி நின்னு. பேசாம இருந்துடலாம்னுதான் முதல்ல நினைச்சேன், கேட்டுக்கோ. இருநூறு குடும்பம்னு நீ எழுதினது நெஞ்சுல கல்லாட்டம் உக்காந்துருச்சு. அவங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குதானே.

"உங்க ஒரு புத்தகம்"னு எழுதியிருந்த பாரு, அதுதான் என்னைத் தூங்க விடல. சான்றிதழ்ல ஒம்போது ஊரு பேரும் இருந்துச்சு. ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும் போன் போட்டு, அந்த கரண்டு பஸ் ஓட்டுறவங்க யாருன்னு கேட்டு வாங்கினேன். எல்லாருக்கும் அதே கோப்பு வந்திருக்கு. எவரும் பிரிச்சே பாக்கல. ஒருத்தரு டீவிக்கு அடியில முட்டுக் குடுத்து வெச்சிருந்தாரு.

"கொஞ்சம் மார்ச் 29 பக்கத்தைத் திறந்து பாருங்க"ன்னேன்.

மர்சேல்னு ஒருத்தரு சிரிச்சாரு. "அக்கா, நான் கோயில் பக்கம் போயே முப்பது வருசமாச்சு. பெரிய வெள்ளி, சின்ன வெள்ளி எனக்கு ஒண்ணுதான்."

"பரவாயில்ல, திறங்க."

காகிதம் புரளுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "அன்னிக்கு நான் காட்டுல மேப்பிள் பாகு காய்ச்சிட்டிருந்தேன்"னாரு. "என் மச்சான், அவன் பொண்டாட்டி, எல்லாரும் இருந்தாங்க. எவண்டா என் பேருல பஸ் ஓட்டினது?" அதுக்கப்புறம் நம்ம கியூபெக்காரங்க வழக்கப்படி அவரு திட்டினதெல்லாம் கோயில் பாத்திரங்க பேரை வெச்சுத்தான், சிலுவை போட்டுக்கிட்டேன். ஆனா போனை வைக்கல.

ஒம்போது பேரும் பெரிய வெள்ளிக்கிழமை பஸ் ஓட்டியிருக்கோம், ரெமி. ஒம்போது பேரும். டிசம்பர்லேர்ந்து ஒம்போது பஸ்ஸும் ரோட்டுல நின்னிருக்கு. ஒரு ஊர்ல புள்ளைங்க நாப்பது நிமிசம் உள்ளயே இருந்திருக்காங்க. ஒருத்தருக்கும் இன்னொருத்தர் கதை தெரியாது. தன் வண்டி மட்டும்தான் கெட்டுதுன்னு நினைச்சிட்டிருந்தாங்க, நான் நினைச்ச மாதிரியே.

நாலஞ்சு நாள் கூடக் குறையன்னு எழுதின பாரு. எவ்வளவு சுத்தமான எழுத்து! அதைப் படிச்சா பழைய டீசல் புகை எவ்வளவோ தேவலை.

நாங்க எல்லாரும் நிஜப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, அந்த அரியான் பொண்ணு ஆபீசுக்குப் போறோம். ஒண்ணுதான் கேக்கப் போறோம்: முந்நூறு பஸ் வரட்டும், நம்ம ஆளுங்களே செய்யட்டும், உதவியை நிறுத்தாதீங்க. ஆனா போர்வை போடாத ஒரு பஸ்ஸும் ஒரு ஊருக்கும் போகக்கூடாது. உங்க தொழிற்சாலைய மூட நாங்க போகல.

பதினாறு நாள் இருக்கு. அதுக்குள்ள நீ முந்திக்கோ. மேல இருக்கறவன் யாருன்னும் சொல்லு. தனியாப் போக பயமா இருந்தா அன்னிக்கு வா, எங்களோட சேந்து உள்ள வா. வாசல்ல எட்டரை வரைக்கும் நிப்பேன்.

✝ அத்தை
கிலேன் பெல்சீல்


சென்-பிர்மன்
ஆகஸ்ட் 25, 2024

ரெமி,

ஒம்போது மணி வரைக்கும் நின்னேன். மர்சேல்கூட, "அக்கா, கால் வலிக்கும், உள்ள வாங்க"ன்னாரு. கறுப்புக் கார் ஒவ்வொண்ணும் திரும்புறப்ப நீதான்னு நினைச்சேன்.

அந்தப் பொண்ணு ஒம்போது நகலையும் ஒம்போது புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா. பெரிய வெள்ளிக்கிழமை பக்கத்துல வந்து நின்னா. அவளும் அன்னிக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாளாம். மூஞ்சி வெளுத்துப்போச்சு, பாவம், அவ கையெழுத்தும் அதுல இருக்கே. பஸ்ஸை எல்லாம் நிறுத்தச் சொல்லி அப்பவே எழுதினா. உதவி நிக்குமா நிக்காதான்னு அவளுக்கே தெரியாதாம். அதை நான் உன்கிட்ட மறைக்கல.

கடைசியா, "இதைத் தயார் பண்ணது யாருன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்டா. மத்த எட்டு பேருக்கும் தெரியாது. தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் சும்மா இருந்திருந்தா கம்பெனின்னு எழுதிட்டு விட்டிருப்பா. மேல இருக்கறவன் தப்பிச்சிருப்பான், நீயும் தப்பிச்சிருப்ப, முந்நூறு பஸ்ஸுல ஏதாவது இன்னொரு தடவை பெரிய வெள்ளிக்கிழமை காகிதத்துல ஓடியிருக்கும்.

முப்பத்தி நாலு வருசம் முன்னாடி சென்-பிர்மன் கோயில்ல, ஞானஸ்நானத் தண்ணித்தொட்டி பக்கத்துல, உன்னைக் கையில ஏந்திக்கிட்டு ஞானத்தாயா நின்னவ நான். "குழந்தைக்கு என்ன பேரு?"ன்னு சாமியார் கேட்டப்ப உங்கம்மா அழுதுக்கிட்டிருந்தா. நான்தான் சத்தமாச் சொன்னேன்.

அந்தப் பொண்ணும் பேனாவைப் பிடிச்சிக்கிட்டு, "முழுப் பேரு?"ன்னு கேட்டா.

சொல்லிட்டேன்.

✝ அத்தை
கிலேன் பெல்சீல்